பெருந்தொற்றுக் காலத்தில் மொரீஷியஸ் ஹோட்டல்கள் எப்படி மாறின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸின் வடக்குக் கரையில் ஒரு ஹோட்டலில் முன்பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், டர்பனில் இருக்கும் நண்பர்கள், இங்கேயே சின்னதாக விருந்தினர் இல்லம் நடத்தும் நம் ஆட்கள் எல்லோரும் கோவிட் காலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணிகளின் பழக்கத்தை மாற்றியதில் கிருமி பயத்தைவிட, அடுத்த வாரம் என்ன சட்டம் வருமோ, விமானம் ஓடுமோ ஓடாதோ என்ற நிச்சயமின்மைக்குத்தான் பெரிய பங்கு. அதனால் கிருமிநாசினி தெளிப்பதோடு நின்றுகொண்ட ஹோட்டல்களைவிட, தேதி மாற்றுவது, பணம் திருப்பித் தருவது, உள்ளூர்க்காரரை வரவேற்பது என்று தங்கள் நடைமுறையையே மாற்றிக்கொண்ட ஹோட்டல்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன.

இங்கே என்னதான் நடந்தது? தேதிவாரியாகச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2020 மார்ச் 18 அன்று முதல் மூன்று தொற்றுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் எல்லை மூடப்பட்டது, அதற்கு அடுத்த நாள் ஊரடங்கு. மே 30 வரை அது நீடித்தது. அப்புறம் தீவுக்குள் வாழ்க்கை கிட்டத்தட்டப் பழையபடி திரும்பிவிட்டது, ஆனால் வெளியிலிருந்து சுற்றுலாப் பயணி ஒருவரும் வர முடியாது. 2020 அக்டோபர் 1 முதல், ஹோட்டலில் 14 நாள் தனிமையில் இருக்கச் சம்மதித்தால் வரலாம் என்றார்கள். 2021 மார்ச் 10 அன்று மறுபடியும் ஊரடங்கு. 2021 ஜூலை 15 முதல் தடுப்பூசி போட்டவர்கள் குறிப்பிட்ட சில ரிசார்ட்டுகளில் மட்டும் தங்கலாம், அக்டோபர் 1 முதல் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று படிப்படியாகத் திறந்தார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2019இல் சுமார் 13 லட்சத்து 83 ஆயிரம் பயணிகள் வந்தார்கள், அதாவது தீவின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். 2020இல் அது சுமார் 3 லட்சத்து 9 ஆயிரம், அதிலும் பெரும்பகுதி எல்லை மூடுவதற்கு முந்தைய வாரங்களில் வந்தவர்கள். 2021இல் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2022இல் பத்து லட்சத்தைத் தொடும் அளவுக்கு ஏறி, 2023இல் ஏறக்குறைய 13 லட்சத்துக்குத் திரும்பியது.

வெளிநாட்டவர் யாருமே வராதபோது அறைகளில் யார் தங்கினார்கள்?

நம் ஊர்க்காரர்கள்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய மாற்றம் இங்கேதான் நடந்தது.

உள்ளூர்வாசிகளுக்குச் சலுகை விலை என்பது முன்பிருந்தே உண்டு. ஆனால் அது சீசன் இல்லாத மாதங்களில், அறை மிஞ்சினால் மட்டும் கிடைக்கும் ஒன்றாக இருந்தது. ஐரோப்பிய டூர் ஆபரேட்டர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் முன்னாலேயே அறைகளைப் பிடித்து வைத்துவிடுவார்கள், மிச்சம் இருந்தால் கத்ர் போர்ன், ரோஸ் ஹில் போன்ற தீவின் ஊர்களிலிருந்து வரும் குடும்பத்துக்கு. 2020 ஜூன் மாதத்துக்குப் பிறகு அது அப்படியே தலைகீழானது. வெளிநாட்டுக்குப் போக முடியாத குடும்பங்கள், வருடா வருடம் இந்தியாவுக்கோ பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கோ போகச் சேர்த்து வைத்த பணத்தை இங்கேயே செலவு செய்யத் தயாராக இருந்தார்கள்.

அவர்கள் தங்கும் விதம் வேறு. பிரான்சிலிருந்து வரும் ஜோடி பத்து இரவு தங்கும், பாதி நாள் வெளியே சுற்றும். நம் குடும்பம் வெள்ளி சாயங்காலம் வந்து ஞாயிறு மதியம் கிளம்பும், தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சேர்ந்து வரும், ஹோட்டலை விட்டு வெளியே போகாது. கடலும் மலையும் அவர்களுக்குப் புதிதில்லையே! ஆகவே ஒன்றையொன்று திறந்துகொள்ளும் பக்கத்து அறைகள் வேண்டும், குழந்தைக்குத் தனிக் கட்டணம் இருக்கக் கூடாது, செக்-அவுட் நேரம் தாராளமாக இருக்க வேண்டும், மதியச் சாப்பாடு வயிறு நிறைய இருக்க வேண்டும். தட்டில் கலைநயமாக நாலு துண்டு மீனை வைத்துக் கொடுத்தால் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். சோறு, பருப்பு, ருகாய் என்ற தக்காளிக் குழம்பு, கீரை, ஊறுகாய் என்று சமையல்காரர்கள் வீட்டில் செய்வதையே ஹோட்டலிலும் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் இடத்தில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறிய ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை கிடைக்காமல் ஆட்கள் காத்திருந்தார்கள்.

முன்பதிவு செய்யும் விதமும் மாறியது. வியாழக்கிழமை போன் வரும், சனிக்கிழமைக்கு அறை வேண்டும் என்று. இணையத்தளம், ஏஜென்ட் எதுவும் கிடையாது. போன், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மெசேஜ், அதுவும் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில். எங்கள் பிரிவில் மின்னஞ்சல் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் போனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரவு தங்காமல் நீச்சல் குளம், மதியச் சாப்பாடு, சாயங்காலம் டீயோடு வீடு திரும்பும் பகல்நேரப் பேக்கேஜும் நன்றாக விற்றது. ஒரே கஷ்டம், சனி ஞாயிறு நிரம்பி வழியும், திங்கள் முதல் வியாழன் வரை காலி. அதனால் பல ஹோட்டல்கள் வாரநாட்களில் சில கட்டடங்களை மூடி வைத்து மின்சாரத்தையும் ஆளையும் மிச்சப்படுத்தின.

இதில் எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தீவில் பிறந்த பலர் பெரிய ஹோட்டலின் வாசலை வேலைக்காக மட்டும் தாண்டியவர்கள். அறை சுத்தம் செய்யும் அக்கா தன் அம்மாவை அழைத்துக்கொண்டு விருந்தினராக வந்து, அதே வரவேற்பறையில் உட்கார்ந்து பழரசம் குடித்ததைப் பார்க்க சந்தோஷமாக இருந்தது. அந்த மரியாதை வெளிநாட்டவர் திரும்பியபிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்று இன்றும் கூட்டங்களில் பேசுகிறேன்.

14 நாள் அறைக்குள்ளேயே இருந்தவர்களை ஹோட்டல் எப்படிப் பார்த்துக்கொண்டது?

விடுமுறை ஹோட்டல் வேலையும் தனிமைப்படுத்தல் வேலையும் முற்றிலும் வேறு. மூன்று வேளைச் சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்படும், தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பிசிஆர் பரிசோதனை வந்த அன்று, ஏழாம் நாள், பதினான்காம் நாள். அறைக்குள் யாரும் நுழைந்து சுத்தம் செய்வதில்லை, விரிப்பும் துண்டும் பையில் போட்டுக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

முதல் சில நாட்கள் எல்லோரும் பொறுமையாக இருப்பார்கள். நாலைந்து நாளில் புகார் ஆரம்பிக்கும், பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி. சாப்பாடு மோசம் என்பதைவிட, அடுத்த வேளை என்ன என்று எதிர்பார்ப்பதைத் தவிர அறைக்குள் வேறு வேலை இல்லை என்பதுதான் காரணம். நல்ல ஹோட்டல்கள் இதைப் புரிந்துகொண்டு முந்தின நாளே இரண்டு மூன்று தேர்வுகள் கொடுத்தன. தினமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் போன் செய்து விசாரித்தால் புகார் பாதியாகக் குறைந்தது. பால்கனி உள்ள அறைக்கும் ஜன்னல் திறக்காத அறைக்கும் அந்த 14 நாளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பால்கனி அறையை ஒதுக்குவது நட்சத்திரத் தரத்தைவிட முக்கியம்.

இந்தத் தீவுக்குத் தனிமைப்படுத்தல் புதிதில்லை. கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் கரையிறங்குமுன் இதைத்தான் அனுபவித்தார்கள். 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் ஆட்களை வடக்கே கடலில் இருக்கும் கேப்ரியல் என்ற குட்டித் தீவில் இறக்கிவிட்டார்கள். போதுமான தங்குமிடமும் கவனிப்பும் இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே செத்துப்போனார்கள். வடக்குக் கரையில் பொயிண்ட் ஓ கனோனியே என்ற இடத்தில் ஒரு தனிமைப்படுத்தல் நிலையம் இருந்தது. அந்த இடத்தில் இன்று கடற்கரை ஹோட்டல் நிற்கிறது, பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் அங்கே உண்டு. தனிமைப்படுத்தப்பட்டவரை மனிதராக நடத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ரிசார்ட் குமிழி என்றார்களே, அது என்ன?

2021 ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை இருந்த ஏற்பாடு. தடுப்பூசி போட்ட பயணி, அனுமதி பெற்ற ரிசார்ட்டுக்குள் நீச்சல் குளம், கடற்கரை, உணவகம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம், வெளியே மட்டும் போக முடியாது. 14 நாள் முடிந்து பரிசோதனையில் தொற்று இல்லை என்றால் தீவைச் சுற்றலாம். வந்தவர்கள் குறைவுதான். ஆனால் வளாகத்துக்குள்ளேயே ஒரு பயணியை இரண்டு வாரம் சலிப்பில்லாமல் வைத்திருப்பது எப்படி என்று பல ஹோட்டல்கள் அதில் கற்றுக்கொண்டன: சமையல் வகுப்பு, இந்தத் தீவின் நாட்டுப்புற நடனமான செகா வகுப்பு, பாறைத்திட்டுக்கு உட்பட்ட அமைதியான கடலில் சின்னப் படகு, தினமும் மாறும் மெனு.

முன்பதிவு, ரத்து, பணம் திருப்பித் தருவது... இதில் எல்லோரும் சண்டை போட்டார்களே, யார் பக்கம் நியாயம்?

இரண்டு பக்கமும் வலி இருந்தது. ஆனால் நான் பயணி பக்கம்தான் பேசுவேன்.

2020 மார்ச்சில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எல்லோரும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஹோட்டலின் கையில் இருந்த அட்வான்ஸ் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் ஏற்கெனவே போயிருந்தது. எங்களுக்கு அதிகம் பேர் வருவது பிரான்சிலிருந்து. அங்கே 2020 மார்ச் 25 அன்று அரசு ஓர் அவசர ஆணை போட்டது: ரத்தான பயணங்களுக்கு, பணத்துக்குப் பதிலாக 18 மாதம் செல்லுபடியாகும் வவுச்சர் கொடுக்கலாம், அதற்குள் பயன்படுத்தாவிட்டால் பணத்தைத் தர வேண்டும் என்று. நிறுவனங்கள் மூச்சு விட அது உதவியது. பிரச்சினை எங்கே வந்தது என்றால், வவுச்சரைப் பயன்படுத்தப் பார்த்தபோது எங்கள் எல்லை இன்னும் மூடியே இருந்தது, அல்லது அதே அறைக்கு விலை ஏறியிருந்தது.

இங்கேதான் ஹோட்டல்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. சில, பழைய விதிமுறையைக் காட்டி "அட்வான்ஸ் திரும்பாது" என்றன. சில, எத்தனை முறை வேண்டுமானாலும் தேதி மாற்றலாம், அதே விலை, வருவதற்கு இத்தனை நாள் முன்புவரை ரத்து செய்தால் முழுப்பணம் என்று ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதி அனுப்பின. இரண்டாவது வகை ஹோட்டல்களுக்கு உடனடியாக நஷ்டம் அதிகம். ஆனால் 2021 அக்டோபரில் கதவு திறந்தபோது முதலில் நிரம்பியவை அவைதான் என்பது நான் பார்த்த அளவில் உண்மை. ஆள் விட்டுப்போகவில்லை, தேதிதான் தள்ளிப்போனது.

நிச்சயமின்மை எவ்வளவு கொடுமையானது என்பதற்கு 2021 டிசம்பரே சாட்சி. ஓமிக்ரான் வந்ததும் பிரான்ஸ் மொரீஷியஸைத் தன் மிகக் கடுமையான பயணக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன், வருடத்தின் தலைசிறந்த வாரங்களில், போன் முழுக்க ரத்து. ஹோட்டலில் எந்தக் குறையும் இல்லை, சுத்தத்தில் குறையில்லை, தடுப்பூசியில் குறையில்லை. வேறொரு நாட்டின் ஒரு அறிவிப்பு எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அதன் பிறகு ஐரோப்பியர்களும் நம் ஊர்க்காரர்களைப் போலவே கடைசி நேரத்தில் முடிவு செய்யப் பழகிக்கொண்டார்கள். ஆறு மாதம் முன்னால் தெரிந்த எண்ணிக்கை ஆறு வாரம் முன்னால்தான் தெரியவந்தது. சமையலறைக்கு மீன் வாங்குவது முதல் பணியாளர் ஷிஃப்ட் வரை எல்லாவற்றையும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் திட்டமிட வேண்டியிருந்தது.

அறையைச் சுத்தம் செய்வதில் உண்மையில் எது பயன் தந்தது? புகை அடித்தார்களே, அது?

புகை அடிப்பது, வாசலில் ஆள்மேல் தெளிப்பது இரண்டும் பார்வைக்குத் தைரியம் தரும், பயன் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே இந்த இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆள்மேல் தெளிப்பது தீங்கு. கை படும் இடங்களை, அதாவது கதவுக் கைப்பிடி, சுவிட்ச், டிவி ரிமோட், குழாய் இவற்றை முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு 0.1 சதவீத குளோரின் கரைசல் பூசி ஒரு நிமிடமாவது ஈரமாக விட்டால் போதும். அவசரத்தில் பூசியதும் துடைத்துவிட்டால் பலன் இல்லை. இதை ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஹோட்டல்கள் குறைவு.

பெரிய சங்கிலி ஹோட்டல்கள் எல்லாம் 2020 ஏப்ரல், மே மாதங்களிலேயே தங்களுக்கென்று ஒரு சுத்த முத்திரையை அறிவித்தன. ஹில்டன் ஒரு கிருமிநாசினி பிராண்டோடு சேர்ந்தது, அக்கோர் ஒரு தணிக்கை நிறுவனத்தோடு சேர்ந்தது. அறைக்கதவில் சீல் ஒட்டினார்கள். பயணிக்கு அது நிம்மதி தந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொன்னது, கிருமி பட்ட ஒரு மேற்பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று. பரவுவது முக்கியமாகக் காற்று வழியாக.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி காற்றைப் பற்றி. இங்கே பெரும்பாலான அறைகளில் இருப்பது சுவரில் மாட்டிய ஏசி. அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஒரு விருந்தினர் போய் இன்னொருவர் வருமுன் ஜன்னலும் கதவும் நன்றாகத் திறந்து வைப்பதே நல்ல மருந்து. கூட்ட அறை, ஜிம் போன்ற இடங்களில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வைத்தால் தெரிந்துவிடும். வெளியில் 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்குக்கு) சற்று மேலே இருக்கும்; உள்ளே 1000ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். நம் தீவுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு: பக்கச்சுவர் இல்லாத கூரை உணவகம், தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று. நகரத்துக் கண்ணாடிக் கட்டட ஹோட்டல்கள் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் கிடைக்காதது.

பஃபே என்ன ஆனது? காவடி விரதத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது வசதி வந்ததா?

கொஞ்ச காலம் பஃபேயில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பணியாளர் நின்று பரிமாறினார். நீங்கள் கையைக் காட்டினால் அவர் போடுவார். பலர் திட்டினார்கள், ஆனால் உணவு வீணாவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆர்டர் கொடுத்தபின் சமைப்பதும் அதிகரித்தது.

விரதக்காரர்களுக்கு இது நல்லதாகவே அமைந்தது. தைப்பூசக் காவடிக்கு முன்னால் பத்து நாள் சுத்த சைவம் இருப்பவர் பஃபேயில் எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்குப் போனது என்று பயந்துகொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். ஆர்டருக்குச் சமைக்கும்போது தனிப் பாத்திரம், தனி எண்ணெய் என்று கேட்டு வாங்க முடிகிறது. பஃபே இப்போது திரும்பிவிட்டது, ஆனால் கேட்டால் தனியாகச் சமைத்துத் தரும் பழக்கம் பல சமையலறைகளில் தங்கிவிட்டது. முன்பதிவு செய்யும்போதே விரதத் தேதிகளைச் சொல்லிவிடுங்கள், காலையில் மேசையில் உட்கார்ந்து சொன்னால் கஷ்டம்.

அண்ணா, நான் நாலு அறை வைத்து விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததைத் திறக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தம்பி, முதலில் தண்ணீர். பெயின்ட் அப்புறம்.

மாதக்கணக்கில் குழாயில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 20 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை அதற்குப் பிடித்த வெப்பம். நம் வீட்டுக் கூரையில் இருக்கும் சூரியசக்தித் தண்ணீர்த்தொட்டி, யாரும் பயன்படுத்தாமல் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதற்கு அருமையான இடம். அது ஷவர் துளிகளோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரலாம், வயதானவர்களுக்கு உயிராபத்து. ஆகவே ஷவர் தலையைக் கழற்றி உப்புப் படிவத்தை நீக்கிச் சுத்தம் செய். தலை இல்லாமல், ஜன்னல் திறந்து வைத்து, எல்லாக் குழாய்களிலும் பல நிமிடம் தண்ணீரை ஓடவிடு. தொட்டியில் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்று. கூரைத்தொட்டி மூடி சரியாக இருக்கிறதா பார், கொசு முட்டையிட்டால் டெங்கு. பக்கத்து ரெயூனியனில் 2020, 2021 இரண்டு வருடமும் கோவிட் ஒரு பக்கம், டெங்கு ஒரு பக்கம் என்று மக்கள் தவித்தார்கள்.

ஏசி வடிகட்டியைக் கழுவு, தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா பார். கடலோர ஈரத்தில் மெத்தையிலும் திரைச்சீலையிலும் பூஞ்சை வாடை வந்திருக்கும், அதை வாசனைத் தெளிப்பான் போட்டு மறைக்காதே, விருந்தினர் முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார். குளியலறைத் தரைவடிகாலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்று, காய்ந்து போனதால்தான் சாக்கடை நாற்றம் வருகிறது.

இன்னொன்று, நாலு அறையையும் தனித்தனியாக விற்பதோடு, முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்குக் கொடுக்கும் விலையும் வைத்துக்கொள். தொற்றுக் காலத்தில் அந்நியரோடு படிக்கட்டைக்கூடப் பகிர விரும்பாதவர்கள் அதைத்தான் தேடினார்கள், பெரிய ரிசார்ட்டால் அதைத் தர முடியாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மாதக்கணக்கில் வந்து தங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். 2020 இறுதியில் அரசு பிரீமியம் விசா கொண்டுவந்தது. ஒரு வருடம் தங்கலாம், கட்டணம் இல்லை, சம்பளம் மட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். இந்தப் பயணிக்குக் கடல் தெரியும் அறையைவிட, முதுகு வலிக்காத நாற்காலி, வீடியோ அழைப்பு துண்டிக்காத இணையம், துணி துவைக்க இடம், சின்ன அடுப்பு இவைதான் வேண்டும். சுத்தம் வாரம் இரண்டு முறை போதும் என்பார். ஹோட்டல் பஃபேயை மூன்றாவது வாரம் பார்த்தாலே ஓடிவிடுவார்! மாத வாடகை விலை வைத்த ஹோட்டல்கள் சிலருக்கு வீடாகவே ஆயின. ஆனால் பலர் கொஞ்ச நாளில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள், அதில் தப்பேதும் இல்லை.

ஹோட்டல்கள் கடனில் மூழ்காமல் எப்படித் தப்பின?

அரசு உதவியால்தான் பெரும்பகுதி. சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு கொடுத்தது. 2020இல் மத்திய வங்கி 80 பில்லியன் மொரீஷியஸ் ரூபாய் ஒதுக்கி ஒரு முதலீட்டு நிறுவனத்தை உருவாக்கியது, பெரிய ஹோட்டல் குழுமங்கள் அதனிடமிருந்து பணம் பெற்றன. ஏர் மொரீஷியஸ் விமான நிறுவனம் நிதி நெருக்கடியால் 2020 ஏப்ரலிலேயே வெளியிலிருந்து வந்த நிர்வாகியின் கைக்குப் போய்விட்டது. அதே வருடம் ஜூலை 25 அன்று வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பாறைத்திட்டில் மோதி, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது. உள்ளூர் விருந்தினரை நம்பிக் கதவைத் திறந்திருந்த அந்தப் பக்கத்து விடுதிகளுக்கு அது இரட்டை அடி. கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்து மிதவைத் தடுப்பு தைத்தவர்களில் வேலையில்லாமல் இருந்த ஹோட்டல் ஆட்களும் இருந்தார்கள். சின்ன விடுதிகளுக்கும் டாக்சி ஓட்டுபவர்களுக்கும் கிடைத்த உதவி போதவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

என் பையன் ஹோட்டல் மேலாண்மை படிக்க ஆசைப்படுகிறான். வேலை இருக்குமா அண்ணா?

இருக்கும், தாராளமாக. பெருந்தொற்றுக்குப் பிறகு ஆள் பற்றாக்குறைதான் எங்கள் பெரிய தலைவலி. வேலை நிச்சயமில்லை என்று கண்டவர்கள் துபாய்க்கும் கனடாவுக்கும் சொகுசுக் கப்பல்களுக்கும் போய்விட்டார்கள், சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஹோட்டல்கள் இப்போது வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கின்றன. எபேனில் இருக்கும் ஹோட்டல் பள்ளியில் சேர்க்கலாம். ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள், ஒரே பிரிவில் நின்றுவிடாமல் ரிசெப்ஷன், சமையலறை, முன்பதிவு மூன்றும் ஓரளவு தெரிந்திருக்கட்டும். ஆள் குறைத்த காலத்தில் மூன்று வேலை தெரிந்தவரைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

கியூஆர் மெனு, போனிலேயே செக்-இன், இதெல்லாம் நிலைத்துவிட்டதா?

செக்-இன் படிவத்தை முன்கூட்டியே அனுப்புவது நிலைத்தது, நல்லது. கியூஆர் மெனுவைப் பலர் கைவிட்டார்கள். வயதானவர்கள் கையில் அட்டை மெனுவைக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுவதே மரியாதை.

மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால், முன்பதிவு செய்யும்முன் ஹோட்டலில் என்ன கேட்க வேண்டும்?

எல்லை மூடினால் பணமா, வவுச்சரா? வவுச்சர் என்றால் எத்தனை மாதம், விலை ஏறினால் வித்தியாசம் யார் கொடுப்பது? எனக்குத் தொற்று உறுதியானால் கூடுதல் நாட்களுக்கு எந்த விலை, சாப்பாடு உண்டா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொன்னதை நம்பிக் காசு கட்டாதீர்கள். ஏஜென்ட் மூலம் போட்டால் பணம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். 2020இல் பலர் ஹோட்டலுக்கும் ஏஜென்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் அலைந்ததற்கு இதுதான் காரணம். அறை ஜன்னல் திறக்குமா என்றும் கேட்டு வையுங்கள்.

உள்ளூர்வாசி விலை இப்போதும் உண்டா?

உண்டு. இணையத்தில் எல்லா ஹோட்டலும் போடுவதில்லை, போன் செய்து கேளுங்கள், வரும்போது அடையாள அட்டை கொண்டுவாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை வாரநாட்களில் நல்ல விலை கிடைக்கும். டிசம்பர் கடைசி இரண்டு வாரம் கேட்டுப் பயனில்லை.